“பால் குடிக்கும்போ ஒண்ணும் நிக்காது”ன்னு மாமி சொல்றாங்க, நம்பலாமா டாக்டர்?

குமரி மாவட்டத்துல குளச்சலுக்கும் நீரோடிக்கும் நடுவுல ஒரு கடற்கரை ஊர்ல இருந்து வந்த கடிதம் இது. பேர் வேண்டாம்னு அவங்களே கேட்டிருக்காங்க, ஆள் அடையாளம் தெரியுற விஷயம் எல்லாத்தையும் நானும் எடுத்துட்டேன்.

எழுதினவங்களுக்கு வயசு 27. முதல் பிள்ளை, சிசேரியன், இப்போ 5 மாசம் 10 நாள் ஆகுது. வீட்டுக்காரர் ஆழ்கடல் போட்ல போறவர், கொச்சியில ஏறினா 30, 40 நாள் கழிச்சு தான் கரை, வந்தா ஒரு 10, 12 நாள் வீட்டுல இருப்பாரு. கடைசியா வந்துட்டு போயி 4 வாரம் ஆச்சாம், இன்னும் 2 வாரத்துல மறுபடி வர்றாராம். இவங்க ஒரு பிரைவேட் ஸ்கூல்ல டீச்சர், பிள்ளைக்கு நாலு மாசம் முடிஞ்சதுமே வேலைக்கு போயிட்டாங்க. காலையில 8 மணிக்கு கிளம்பினா சாயங்காலம் 5 ஆகும், நடுவுல பம்ப்ல எடுத்து வச்ச பாலை மாமி குடுக்காங்க. கூடவே போன மாசத்துல இருந்து ஏத்தங்காய்ப் (நேந்திரங்காய்) பொடி குறுக்கி ஒரு நேரம். பிள்ளை ராத்திரி 9 மணிக்கு தூங்கினா விடியக்காலம் 4 மணிக்கு தான் எழும்புதாம், “நல்ல பிள்ளை, தொந்தரவே இல்ல”ன்னு சந்தோஷமா எழுதியிருக்காங்க.

கேள்வி இது தான். மாமிக்கு மூணு பிள்ளை, ஒவ்வொண்ணுக்கும் மூணு வருஷம் இடைவெளி, ஒரு மாத்திரை ஊசி எதுவும் கிடையாது, “பால் குடிக்கும்போ ஒண்ணும் நிக்காது பிள்ளே, பயப்படாத”ன்னு, அதாவது கரு தங்காதுன்னு சொல்றாங்க. பக்கத்து வீட்டு அக்காவோ பிள்ளைக்கு 8 மாசம் இருக்கும்போதே, பீரியட்ஸ் ஒரு தடவை கூட வராமலே, மறுபடி உண்டாயிட்டாங்க. கூட வேலை பாக்குற டீச்சர் “இதெல்லாம் கிழவிங்க கதை”ன்னு சிரிக்கிறாங்க. யாரை நம்புறது? இன்னொண்ணு, பிரசவம் ஆகி 40-வது நாள் பக்கம் லேசா ரத்தம் பட்டுச்சு, இப்போ 10 நாளைக்கு முன்னாடியும் மூணு நாள் நாப்கின் வைக்கிற அளவுக்கு போச்சு, “அது பீரியட்ஸ் தானா, இல்ல வேலைக்கு போற அலைச்சலா”ன்னு கேக்குறாங்க. காப்பர் டி (கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற கருத்தடை) பயமா இருக்கு, மாத்திரை போட்டா பால் வத்திடும்னு சொல்றாங்க, அதுவும் பயம். அடுத்த பிள்ளை மூணு வருஷம் கழிச்சு போதும்.

மக்களே, மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். உங்க மாமி பொய் சொல்லல. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நடந்ததும் அதிசயம் இல்ல. அந்த டீச்சர் சிரிச்சது தான் கொஞ்சம் தப்பு. நான் ஓ.பி-ல உக்காந்து கேக்குறதுல ரெண்டே கட்சி தான், பால் குடுத்தா பூட்டு போட்ட மாதிரின்னு நம்புறவங்க ஒரு பக்கம், அப்படி ஒண்ணு கிடையவே கிடையாதுங்கிறவங்க இன்னொரு பக்கம். இது நிஜமாவே ஒரு கருத்தடை முறை, லாம்னு பேரு, லேக்டேஷனல் அமெனோரியா மெத்தட்ங்கிறதோட சுருக்கம், அதாவது பால் குடுக்குறதால பீரியட்ஸ் வராம இருக்குறதை வச்ச முறை. 1988-ல இத்தாலியில பெல்லாஜியோங்கிற ஊர்ல நிபுணர்கள் கூடி, அதுவரைக்கும் பல நாட்டுல பாத்த கணக்கை எல்லாம் வச்சு, சில கண்டிஷன் சரியா இருந்தா முதல் 6 மாசத்துக்கு 98 சதவீதத்துக்கும் மேல பாதுகாப்புன்னு சொன்னாங்க. அதாவது 100 பேர்ல 2 பேருக்கும் குறைவா தான் உண்டாகும். காண்டத்தை வீட்டுல சாதாரணமா யூஸ் பண்றவங்களுக்கு கிடைக்கிற பாதுகாப்பை விட இது அதிகம், நம்ப முடியுதா?

பிரச்சனை அந்த “சில கண்டிஷன்”ல தான் இருக்கு. மாமி காலத்துல அது தானாவே நடந்துச்சு, உங்க காலத்துல தானா நடக்காது.

சவலைங்கிற வார்த்தை எப்படி வந்துச்சு

நம்ம பாட்டிமாருக்கு பால் குடுக்கும்போ உண்டாகும்னு தெரியவே தெரியாதுன்னு நினைக்காதீங்க. பிள்ளை மெலிஞ்சு சிணுங்கிட்டே இருந்தா “சவலை பாஞ்சிருக்கு”ன்னு சொல்வாங்கல்ல, அது என்ன? கைப்பிள்ளை பால் மறக்குறதுக்குள்ள தாய் மறுபடி உண்டாயி, பால் குறைஞ்சு, அந்தப் பிள்ளை வாடிப் போறது தான் சவலை. அதுக்குன்னு தனியா ஒரு வார்த்தையே வச்சிருக்காங்கன்னா அது எத்தனை வீட்டுல நடந்திருக்கணும்! (இதே மாதிரி ஆப்பிரிக்காவுல கானா நாட்டுல கா மொழியில ஒரு வார்த்தை இருக்கு, க்வாஷியோர்கர், அடுத்த பிள்ளை வரும்போ மூத்ததுக்கு வர்ற சீக்கு. சிசிலி வில்லியம்ஸ்னு ஒரு டாக்டரம்மா 1935-ல அந்தப் பேரையே மருத்துவ உலகத்துக்கு குடுத்தாங்க, நாங்க படிச்ச புத்தகத்துல எல்லாம் அந்தப் பேர் தான்.) ஆக பால் குடுக்குறது காப்பாத்தும்ங்கிறதும், சில சமயம் காப்பாத்தாதுங்கிறதும் ரெண்டுமே நம்ம ஊர் அனுபவத்துல இருக்கு. எப்போ காப்பாத்தும், எப்போ காப்பாத்தாதுங்கிறது மட்டும் தான் சொல்லி வைக்கப்படல.

உள்ள நடக்குறது இது தான். பிள்ளை மார்புல வாய் வச்சு உறிஞ்ச உறிஞ்ச அந்த நரம்பு வழியா மூளைக்கு தகவல் போகுது, பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ஏறுது, அதே நேரம் முட்டையை வளர வைக்கிற சிக்னல் அமுங்கிடுது. முட்டை வெளியே வரலன்னா கரு இல்ல. இதுல கவனிக்க வேண்டியது, வேலை பாக்குறது பால் இல்ல, உறிஞ்சுறது. பிள்ளை எத்தனை தடவை, எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா உறிஞ்சுதுங்கிறது தான் கணக்கு. அதுலயும் ராத்திரி குடிக்கிறது ரொம்ப முக்கியம், ராத்திரி தான் அந்த ஹார்மோன் நல்லா ஏறும்.

மூணும் சேந்து இருக்கணும்

ஒண்ணு, பிள்ளைக்கு 6 மாசம் முடிஞ்சிருக்கக் கூடாது. ரெண்டு, பீரியட்ஸ் திரும்ப வந்திருக்கக் கூடாது. மூணு, தாய்ப்பால் மட்டும் தான், பகல்ல 4 மணி நேரத்துக்கு மேலயும் ராத்திரி 6 மணி நேரத்துக்கு மேலயும் இடைவெளி விடாம, நேரா மார்புல இருந்து. இதுல ஒண்ணு போனாலும் முறை முடிஞ்சு போச்சு, மிச்சம் ரெண்டு இருக்கேன்னு சமாதானம் சொல்லிக்கிட முடியாது.

பெரும்பாலும் நம்ம பெண்கள் புடிச்சுக்கிட்டு நிக்கிறது ரெண்டாவதை மட்டும் தான், பீரியட்ஸ் வரலல்ல, அப்போ சேஃப்னு. பக்கத்து வீட்டு அக்கா விழுந்த இடமும் அது தான். பீரியட்ஸ்ங்கிறது முட்டை வந்துட்டு போன 14 நாள் கழிச்சு வர்ற செய்தி, தபால் மாதிரி லேட்டா தான் வரும். முதல் பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடியே முட்டை வந்துடலாம், அந்த முட்டையே கருவாகிட்டா பீரியட்ஸ் வராமலே அடுத்த பிள்ளை. முதல் 6 மாசம் முழுசா பால் குடுக்குறவங்களுக்கு இப்படி நடக்குறது அபூர்வம், 6 மாசம் தாண்டி குறுக்கு, கஞ்சி, இட்லின்னு ஆரம்பிச்சப்புறம் அந்த வாய்ப்பு ஏறிக்கிட்டே போகும். அந்த அக்கா பிள்ளைக்கு 8 மாசம், சோறு திங்கிற வயசு, அப்புறம் என்ன அதிசயம்.

இன்னொரு தினுசு பயமும் இருக்கு, இது உங்க கடிதத்துல இல்ல, ஆனா நிறைய பேர் கேப்பாங்க. மாசக்கணக்கா பீரியட்ஸ் வராம இருந்தா கெட்ட ரத்தம் உள்ளயே தங்கிடும்னு நினைச்சு, வரவழைக்க கஷாயம் காய்ச்சி குடிக்கிறது. உள்ள ஒண்ணும் தேங்கல, தேங்குறதுக்கு அங்க ரத்தமே சேரல. தயவுசெஞ்சு அந்த வேலை வேண்டாம்.

இப்போ உங்க கணக்கை பாப்போம்

40-வது நாள் பட்ட ரத்தத்தை விட்டுடுங்க. பிரசவம் ஆகி 56 நாளுக்குள்ள வர்றதை நாங்க பீரியட்ஸ் கணக்குல சேக்குறது இல்ல, கர்ப்பப்பை இன்னும் ஆறிக்கிட்டு இருக்குற நேரம் அது. ஆனா 10 நாளைக்கு முன்னாடி வந்தது அப்படி இல்ல. ரெண்டு மாசம் தாண்டினப்புறம் தொடர்ந்து ரெண்டு நாளாவது ரத்தம் போச்சுன்னா அது பீரியட்ஸ்னே வச்சுக்கிடணும். அலைச்சல், பஸ்ல குலுங்கினதுன்னு எல்லாம் காரணம் தேட வேண்டாம்.

பம்ப் விஷயம் தான் படிச்ச பெண்கள் கூட தப்பா புரிஞ்சுக்கிடுறது. பிள்ளைக்கு போறது தாய்ப்பால் மட்டும் தானே, அப்போ சரிதானேன்னு கேக்குறாங்க. பிள்ளையோட வயித்துக்கு சரிதான், அதுல ஒரு குறையும் இல்ல, நீங்க வேலைக்கும் போயிட்டு பம்ப் பண்ணி வைக்கிறதை நான் பாராட்டுறேன். ஆனா மெஷின் இழுக்குறதும் பிள்ளை உறிஞ்சுறதும் மூளைக்கு ஒண்ணு இல்ல. சிலி நாட்டுல வேலைக்கு போயிக்கிட்டே பாலை எடுத்து வச்சு குடுத்த அம்மாக்களை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க, 6 மாசத்துக்குள்ள 100-க்கு 5 பேர் பக்கம் உண்டாயிட்டாங்க. பெரிய நம்பர் இல்ல தான், ஆனா சும்மா விடுற நம்பரும் இல்ல.

அப்புறம் ராத்திரி 7 மணி நேரம் தூங்குற அந்த நல்ல பிள்ளை. எல்லா அம்மாவும் கனவு காண்ற விஷயம் தான், உங்க தூக்கத்தை நான் கெடுக்கல, ஆனா இந்தக் கணக்குல அது 6 மணி நேரத்தை தாண்டிடுச்சு. ஏத்தங்காய்ப் பொடியும் ஒரு நேரம் முழுசா குடுக்கும்போ அந்த நேரத்து பால் போச்சு. (அதை 6 மாசம் முடிஞ்சு குடுங்களேன், இன்னும் 20 நாள் தானே. ஏத்தங்காய் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, நானும் அதுல வளந்தவ தான்.)

ஆக மூணு கண்டிஷன்ல உங்களுக்கு மிஞ்சி இருக்குறது பிள்ளையோட வயசு மட்டும் தான், அதுவும் இந்த மாசக் கடைசி வரைக்கும். லாம் உங்களுக்கு முடிஞ்சு போச்சு. அனேகமா வேலைக்கு போன அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

பயப்படாதீங்க, அவரு போயி 4 வாரம் ஆச்சு, அதுக்கு அப்புறம் பீரியட்ஸ் மாதிரியே வந்திருக்கு, அதனால பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனாலும் மெடிக்கல்ல கர்ப்பம் பாக்குற கார்ட் ஒண்ணு வாங்கி காலையில முதல் யூரின்ல பாத்துடுங்க, வாங்க கூச்சமா இருந்தா பக்கத்து பி.எச்.சி-ல (ஆரம்ப சுகாதார நிலையம்) நர்ஸம்மாகிட்ட சொன்னா அவங்களே பாத்து சொல்வாங்க. உறவு வச்சு 3 வாரம் தாண்டிட்டா கார்ட் ரிசல்ட்டை நம்பலாம். இதை நான் வற்புறுத்துறதுக்கு காரணம் உங்க சிசேரியன் தான். ஒரு பிரசவத்துக்கு அப்புறம் அடுத்ததுக்கு முயற்சி பண்ண குறைஞ்சது 24 மாசம் விடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, சிசேரியன் தையல் உள்ளவங்களுக்கு சீக்கிரமே அடுத்தது வந்தா பிரசவ வலி நேரத்துல அந்தத் தழும்பு விடுற ஆபத்து கூடும்.

தப்பித்தவறி ரெண்டு கோடு வந்தா, யாரு சொன்னாலும் மெடிக்கல்ல கலைக்கிற மாத்திரை வாங்கி வீட்டுல போடாதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க. வச்சுக்கிடுறதா வேண்டாமாங்கிறது உங்க முடிவு. கருத்தடை தவறி உண்டானதுக்கு 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டரோட கருத்தின் பேர்ல கலைக்க சட்டம் அனுமதிக்குது, 18 வயசு தாண்டினவங்களுக்கு அவங்க சம்மதம் மட்டும் போதும், உங்க பேரை வெளிய சொல்லவும் கூடாது. வச்சுக்கிட்டீங்கன்னா முதல் செக்கப்லயே “சிசேரியன் ஆகி இத்தனை மாசம்”னு சொல்லுங்க, பிரசவம் ஆபரேஷன் வசதியும் ரத்தமும் உள்ள இடத்துல தான், ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் மாதிரி. பாலையும் உடனே நிறுத்த வேண்டாம், உண்டான தாயோட பால் கெட்டுப் போகாது, அளவு தான் போகப் போக குறையும், மூத்ததுக்கு சாப்பாட்டை கூட்டிக் குடுத்தா சவலை பாயாது.

போட் கரைக்கு வர்றதுக்கு முன்னாடி

ஒரு கோடு தான் வரும்னு வச்சு பேசுவோம். நீங்க பயந்த காப்பர் டி தான் என்னைக் கேட்டா உங்களுக்கு முதல் சாய்ஸ். மூணு வருஷம் இடைவெளி வேணும், ஹார்மோன் இல்ல, பாலுக்கு ஒண்ணும் ஆகாது, வேண்டாம்னா எடுத்த உடனே பழையபடி உண்டாகலாம். 5 வருஷத்துக்கு ஒண்ணு, 10 வருஷத்துக்கு ஒண்ணு இருக்கு, கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில இலவசம். அது மேல ஏறி நெஞ்சுக்கு போயிடும்ங்கிறது கதை, போக வழியே கிடையாது. உண்மையான குறை வேற, முதல் சில மாசம் பீரியட்ஸ்ல ரத்தமும் வலியும் கூடலாம், அபூர்வமா தானா வெளிய வந்துடலாம், போடும்போ கர்ப்பப்பை சுவர்ல குத்துற வாய்ப்பும் ரொம்பக் குறைவா உண்டு, பால் குடுக்குறவங்களுக்கு அது கொஞ்சம் அதிகம். அதனால பழகின கையா பாத்து, சிசேரியன்னு சொல்லி போட்டுக்கிடுங்க.

மாத்திரையில பாலை குறைக்கக் கூடியது ரெண்டு ஹார்மோன் சேந்த சாதாரண மாத்திரை, அதை பிள்ளைக்கு 6 மாசம் ஆகுறதுக்கு முன்னாடி நாங்க குடுக்க மாட்டோம். “மாத்திரை போட்டா பால் வத்திடும்”ங்கிற பேச்சு அதுல இருந்து வந்தது தான், அதை எல்லா மாத்திரைக்கும் ஒட்டிட்டாங்க. ஒரே ஹார்மோன் உள்ள மினி பில் பாலை ஒண்ணும் செய்யாது, ஆனா தினமும் ஒரே நேரத்துக்கு போடணும். சாயாங்கிற மாத்திரை லக்னோவுல கண்டுபிடிச்ச நம்ம நாட்டு சரக்கு, ஹார்மோனே இல்ல, முதல் 3 மாசம் வாரத்துக்கு 2, அப்புறம் வாரத்துக்கு 1. சிலருக்கு பீரியட்ஸ் தள்ளிப் போகும், அப்போ பயம் வரும், அவ்வளவு தான். 3 மாசத்துக்கு ஒருக்கா போடுற அந்தரா ஊசியும் பால் குடுக்குறவங்களுக்கு ஆகும், ஆனா நிறுத்தினப்புறம் அடுத்தது உண்டாக சில பேருக்கு 7ல இருந்து 10 மாசம் வரை இழுக்கும், ரத்தம் நேரம் கெட்ட நேரத்துல படும்.

கடலுக்கு போறவங்க வீட்டுல அடிக்கடி கேக்குற ஒண்ணு, “அவரு ஊர்ல இல்லாதப்போ நான் எதுக்கு டாக்டர் டெய்லி மாத்திரை முழுங்கணும், போட் வந்தப்புறம் போட்டா போதாதா?” போதாது. எந்த மாத்திரையும் முழுங்கின அன்னிக்கே வேலை செய்யாது, நடுவுல விட்டு விட்டு போட்டாலும் வேலை செய்யாது. இன்னும் 2 வாரம் இருக்கு, இப்போவே ஆரம்பிச்சா சரியா இருக்கும். அது முடியலன்னா அவரு இருக்குற 10, 12 நாளைக்கு காண்டம், உங்க மாதிரி வீட்டுக்கு அது ஒண்ணும் மோசமான வழி இல்ல, தினமும் முழுங்குறதை விட வீட்டுல இருக்குற பத்து நாள் அவரு பாத்துக்கிடட்டுமே. ஒரு நாள் தவறிப் போச்சுன்னா 72 மணி நேரத்துக்குள்ள எமர்ஜென்சி மாத்திரை, பால் குடுக்குறவங்களும் போடலாம், ஆனா அதையே பழக்கமா வச்சுக்கிடக் கூடாது.

கோயில்ல (சர்ச்சுல) கல்யாண வகுப்புல சொல்லிக் குடுத்த நாள் கணக்கு முறையை தான் பாக்கணும்னு நினைக்கிறவங்களும் உங்க பக்கம் நிறைய உண்டு. மனசாட்சி விஷயத்துல நான் தலையிடல. ஆனா பீரியட்ஸ் இப்போ தான் ஒரு தடவை எட்டிப் பாத்திருக்கு, 26 நாள்ல இருந்து 32 நாளுக்குள்ள ஒழுங்கா வர ஆரம்பிச்சு சில மாசம் ஆனப்புறம் தான் அந்தக் கணக்கு நிக்கும். இப்போ எண்ணினா எண்ணினது எல்லாம் தப்பா தான் போகும்.

கையெழுத்தும் ஊர் வாயும்

கடிதத்துல ஒரு வரி நடுவுல வந்துட்டு போகுது, “அவரு கடல்ல கிடக்கும்போ நான் காப்பர் டி போட்டேன்னு தெரிஞ்சா ஊர்ல என்ன பேசுவாங்க”. எனக்கு அந்த வரி தான் ரொம்ப நேரம் மனசுல நின்னுச்சு. காப்பர் டி-க்கோ ஊசிக்கோ மாத்திரைக்கோ புருஷன் கையெழுத்து வேணும்னு எந்தச் சட்டமும் இல்ல, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கே கூட வேண்டாம். எந்த ஆஸ்பத்திரியிலயாவது “அவரு வரட்டும்”னு திருப்பி அனுப்பினா அது அவங்க வச்ச ரூல், அரசாங்கம் வச்சது இல்ல. அவருகிட்ட மறைச்சு செய்யுங்கன்னும் நான் சொல்லல. கரையில இருந்து சிக்னல் கிடைக்கும்போ போன்ல பேசுவாருல்ல, அப்போ சொல்லுங்க, டாக்டர் சொன்னாங்க, சிசேரியன் தையல் ஆறணும், ரெண்டு வருஷம் விடணும்னு. தையலைப் பத்தி பேசினா ஆம்பளைங்க கொஞ்சம் காது குடுப்பாங்க, இது என் அனுபவம்.

மாமிகிட்ட எதிர்த்து பேச வேண்டாம், அவங்க சொன்னதை பொய்னு ஆக்கவும் வேண்டாம். சாவகாசமா இருக்கும்போ ஒண்ணு மட்டும் கேட்டுப் பாருங்க, “மாமி, நீங்க பிள்ளைங்களை கூட போட்டு தூங்கும்போ ராத்திரி எத்தனை தடவை பால் குடுத்திருப்பீங்க?” அவங்க சிரிச்சுட்டு, “எண்ணினேனா என்ன, விடிய விடிய வாயில தான் கிடக்கும்”பாங்க.